அட்டவணை 5.3

ஜூன் 8

இந்த நோட்டை வாங்கியது நான், எழுதுவதும் நான். எழுதச் சொன்னது மட்டும் வடிவு. என் மனைவி சண்முகவடிவு கணிதத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். அவள் காகிதத்தில் போடும் கணக்குகளுக்குக் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் தேதி, எத்தனை புள்ளிகள், என்ன விடை என்று குறித்து வைக்க வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். ஒன்பது வருடத்தில் இது பதினோராவது நோட்டு. ஏப்ரலில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாயிற்று. இனி ஓட்டுவதற்கு ஒன்றுமில்லை. மிச்சப் பக்கங்களை வீணாக்க மனமில்லாமல் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபுக்கு நான் பொறுப்பு. முப்பது கம்ப்யூட்டர்கள், இருபத்திரண்டு உயிரோடு இருக்கின்றன. வடிவு இன்னொரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். அந்தக் 'கௌரவ'த்தை எடுத்துவிட்டு நிரந்தர விரிவுரையாளர் ஆவதற்கு டாக்டர் பட்டம் வேண்டும் என்றுதான் ஆரம்பித்தாள். இப்போதெல்லாம் வேலையைப் பற்றிப் பேசுவதில்லை. பட்டத்தைப் பற்றி மட்டும் பேசுகிறாள்.

இன்று இரண்டு இட்லி சாப்பிட்டாள். வயிற்றில் புண். மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் ஆறிவிடும். கண் கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது.

ஜூன் 15

வள்ளியூரிலிருந்து மதினி வந்தாள். வடிவுக்கு அக்கா, பெயர் சிவகாமி. ஒரு பை நிறைய முருங்கைக்கீரையும் ஒரு வாய் நிறையக் கேள்வியும் கொண்டுவந்தாள்.

"ஏளா வடிவு, ஒன்பது வருசமா அப்படி என்னதான் கணக்குப் போடுத?"

வடிவு தலையணையை முதுகுக்கு வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். வகுப்பெடுக்க யாராவது கிடைத்தால் போதும், அவளுக்கு வலி தெரியாது.

"அக்கா, பால அடுப்புல வச்சா பத்து நிமிசம் என்ன செய்யும்? சும்மா கெடக்கும். கடைசில ஒரே நொடி, பொங்கிரும். அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க எட்டிப் பாக்குறவளுக்குப் பொங்குனது தெரியாது, அடுப்பு நனைஞ்சதுதான் தெரியும். சில சமன்பாடும் அப்படித்தான். மொத்தத் தூரமும் ஒண்ணும் நடக்காது. ஓரத்துல தலமுடி கனத்துல ஒரு எடம் இருக்கும். எல்லாம் அங்கனதான் நடக்கும்."

"அப்ப அடுப்புகிட்டயே நிக்க வேண்டியதுதான?"

"அதத்தான் பண்ணுதேன். நூறு தடவதான் பாக்க முடியும்னா, அம்பதை அந்தக் கடைசி நொடிக்கு ஒதுக்கிரணும். மிச்ச அம்பதை மத்த நேரம் பூராவுக்கும் பரப்பணும். எங்க இருந்து ஒதுக்க ஆரம்பிக்கணும்ங்கிறதுதான் கணக்கு."

"பால் வச்சுட்டு நான் நாளது வரைக்கும் அங்கன இங்கன போனதில்ல. எனக்கும் ஒரு பட்டம் குடுக்கச் சொல்லு" என்றாள் மதினி. மூன்று பேரும் சிரித்தோம். வடிவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த ஓரத்துக்குத்தான் பவுண்டரி லேயர் என்று பெயர். அதை ஒட்டிப் புள்ளிகளை நெருக்கி வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் வித்தியாசங்களை வைத்தே சமன்பாட்டைத் தீர்ப்பது அவளுடைய முறை. ஆய்வேட்டில் ஐந்தாம் அத்தியாயம்தான் முழுக்க முழுக்க அவள் சொந்தச் சரக்கு. புள்ளிகளை இரண்டு மடங்காக்கினால் பிழை பாதியாகக் குறைய வேண்டும். அப்படிக் குறைந்தால் வேகம் 1. ஆனால் அவள் நிறுவிய தேற்றத்தில் ஒரு லாக், அதாவது மடக்கை, வந்து ஒட்டிக்கொண்டு கொஞ்சம் சோம்பேறித்தனம் பண்ணும், அதனால் வேகம் முக்கால், அதற்குச் சற்று மேல் என்றுதான் வரும். என் புரோகிராமில் வந்ததோ 0.98, 0.99, 1.00. அட்டவணை 5.3. தேற்றம் சொன்னதை விட நன்றாக வந்ததில் அவள் நெறியாளர் ஞானதுரை சாருக்கு அத்தனை சந்தோஷம். வடிவு மட்டும், "ரொம்ப அழகா இருக்கே" என்றாள், உப்புப் போதாத சாம்பாரைச் சொல்கிற மாதிரி. அப்போது சமர்ப்பிக்க நான்கு நாள்தான் இருந்தது.

ஜூன் 29

போன வாரம் எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தோம். மஞ்சள் காமாலைக்காக உள்ளே ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நீளமாகப் பேசினார். அவர் மேஜையில் கண்ணாடிக்கு அடியில் ஒரு காலண்டர் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் வடிவு, "என்ன சொன்னாரு?" என்றாள். புண் ஆற நாளாகும், மாத்திரையிலேயே சரியாகிவிடும், காரம் கூடாது என்றேன். "காரம் கூடாதுன்னு சொல்ல இம்புட்டு நேரமா?" என்றாள். அவர் மெதுவாகப் பேசுகிற டாக்டர் என்றேன்.

ஜூலை 6

அரை டம்ளர் கஞ்சி. பப்பாளி நான்கு துண்டு. லேபில் இன்னொரு கம்ப்யூட்டர் போயிற்று.

ஜூலை 13

ஞானதுரை சார் போன் செய்தார். வடிவைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று என் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறேன். வெளிநாட்டுத் தேர்வாளரின் அறிக்கை வந்துவிட்டதாம். உள்நாட்டு அறிக்கை மே மாதமே வந்தது.

"ஆவுடையப்பன், தேர்வாளர் பிரமாதமா எழுதியிருக்காரு. பட்டத்துக்குப் பரிந்துரை பண்ணிட்டாரு. ஒரே ஒரு கேள்வி. அட்டவணை 5.3ல வேகம் தேற்றத்த விடக் கூட இருக்கே, ஏன்னு விளக்கம் கேட்டிருக்காரு. ஒரு பாரா எழுதிக் குடுத்தாப் போதும். ஆகஸ்ட் மொத வாரத்துல வாய்மொழித் தேர்வ வச்சிரலாம். வடிவால காலேஜுக்கு வர முடியாதுன்னா வீட்டுல இருந்தே ஆன்லைன்ல வச்சுக்கிடலாம், நான் கேட்டு வச்சுட்டேன்."

ஆகஸ்ட் முதல் வாரம். விரல் விட்டு எண்ணினேன். ஜூன் கடைசியிலிருந்து எண்ணினால் ஒன்றரை மாதம்கூட ஆகாது. போதும். தாராளமாகப் போதும்.

ஜூலை 14

கல்லூரி முடிந்த பிறகு லேபிலேயே உட்கார்ந்து புரோகிராமைத் திறந்தேன். விளக்கம் எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றுதான்.

ஒவ்வொரு புள்ளியிலும் பிழையை அளந்து, இருப்பதிலேயே பெரிய பிழையை எடுத்து அட்டவணையில் போட வேண்டும். முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளி வரை. புரோகிராமில் புள்ளி புள்ளியாகச் சுற்றி வர வேண்டிய என் லூப் பாதிப் புள்ளிகளோடு நின்றிருக்கிறது. முதல் பாதிப் புள்ளிகள்தான் ஒன்றும் நடக்காத நீளமான தூரத்தில் பரவிக் கிடப்பவை. ஓரத்தில் நெருக்கி வைத்த மறுபாதியை நான் அளக்கவே இல்லை. எந்த இடத்துக்காக ஒன்பது வருடம் படித்தாளோ அந்த இடத்தை எட்டிக்கூடப் பார்க்காமல், மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கிறது என்று அழகான அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அந்த வரியை மாற்றிய தேதியைக் கம்ப்யூட்டர் வைத்திருந்தது. மார்ச் 14, காலை 11.52.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஓரத்தில் விடை தாறுமாறாக வந்தது. தப்பு எங்கே என்று பிரித்துப் பார்ப்பதற்காக முதல் பாதியை மட்டும் ஓட்டிப் பார்க்கலாம் என்று லூப்பைப் பாதியாக்கினேன். அப்போது ஸ்கேன் சென்டரிலிருந்து போன். "அம்மாவக் கூட்டிட்டு வர வேண்டாம் சார். நீங்க மட்டும் வாங்க." அப்படியே சேமித்துவிட்டு எழுந்து போனேன். மறுநாள் ஓரத்தில் இருந்த வேறொரு தப்பைத் திருத்தினேன். லூப்பைத் திருத்தவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து எல்லா அட்டவணையையும் ஓட்டினேன்.

இன்று கடைசிப் புள்ளி வரை ஓட்டினேன். 0.74, 0.78, 0.81, 0.83. அவள் தேற்றம் என்ன சொன்னதோ அதே. அவள் சொன்னது சரி. தப்பு என்னுடையது.

லேபைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் வடிவு, "ஏன் லேட்டு?" என்றாள். கரண்ட் இல்லை என்றேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவளும் கேட்கவில்லை.

ஜூலை 15

ஞானதுரை சாரிடம் சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். ஒரு பேச்சுக்கு, அட்டவணையில் எண் மாறினால் என்ன ஆகும் சார்?

"திருத்தின அட்டவணைய மறுபடி வெளிநாட்டுக்கு அனுப்பி, அவரு சம்மதம் எழுதித் தந்து, அப்புறம் ஆபீஸ்... நாலஞ்சு மாசம் ஓடிரும். ஏன், மாறுதா?"

இல்லை சார் என்றேன்.

ஜூலை 17

இன்றும் சொல்லவில்லை.

ஜூலை 20

விளக்கத்தை நானே எழுதினேன். எடுத்துக்கொண்ட உதாரணம் எளிமையானது என்பதால் வேகம் கூடி வந்திருக்கலாம் என்று இரண்டு வரி. ஒன்பது வருடம் பக்கத்தில் உட்கார்ந்ததில் இந்த மாதிரி வாக்கியம் எழுத வந்துவிட்டது. வடிவின் பெயரில், அவள் கையெழுத்துக்கு இடம் விட்டு.

விடுப்பு விண்ணப்பம், கல்லூரிக்கு ஒரு கடிதம், இவற்றுக்கு நடுவில் செருகி நீட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. படித்திருக்க மாட்டாள். உடம்பு முடியாதவளுக்கு எதற்கு இதெல்லாம்.

ஜூலை 27

மதியம் முழுக்க வடிவு ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில், பென்சிலால். எல்லாம் எண்கள். எதையோ கழித்து எதையோ வகுத்து, கால்குலேட்டரைத் தட்டித் தட்டி. என்ன என்று கேட்டேன். "சும்மா" என்றாள். பொழுது போக வேண்டாமா, எழுதட்டும்.

எடை நாற்பத்தொன்று.

ஆகஸ்ட் 6

இன்று தேர்வு.

மதினி நேற்றே வந்துவிட்டாள். வடிவுக்கு மாம்பழ நிறப் பட்டுச்சேலை கட்டிவிட்டாள். ரவிக்கை தொளதொள என்று தொங்கியது, பின்னால் ஊக்குகள் குத்திச் சரிக்கட்டினாள். கட்டிலுக்கு எதிரே ஸ்டூல், ஸ்டூல் மேல் லேப்டாப். அந்தப் பக்கம் பல்கலைக்கழகத்தில் ஞானதுரை சார், ஹைதராபாத்திலிருந்து வந்த ஒரு பேராசிரியை, துறை ஆட்கள், மாணவர்கள். நான் கேமராவுக்குத் தெரியாத பக்கம், தரையில் உட்கார்ந்திருந்தேன்.

நாற்பது நிமிடம் பேசினாள். இடையில் இரண்டு தடவை தண்ணீர். எனக்கு அவள் இங்கிலீஷ் எப்போதும் பிடிக்கும், பாளையங்கோட்டை வாசம் அடிக்கும். ஐந்தாம் அத்தியாயத்துக்கு வந்ததும் குரல் ஏறிற்று. அவள் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் பார்க்கிறேன், இவ்வளவு நன்றாகப் பேசிப் பார்த்ததில்லை.

கடைசியில் அந்தப் பேராசிரியை வெளிநாட்டுக் கேள்வியை வாசித்துவிட்டு, விளக்கம் வந்திருக்கிறது, எனக்கு அது போதும், நீங்கள் எதுவும் சேர்க்க விரும்புகிறீர்களா என்று ஒரு மரியாதைக்குக் கேட்டார்.

வடிவு தலையணைக்கு அடியிலிருந்து எக்ஸ்ரே உறையை எடுத்தாள்.

அந்த விளக்கம் தவறு என்றாள். அட்டவணை 5.3ம் தவறு. எட்டே எட்டு இடைவெளி, அப்புறம் பதினாறு, இரண்டையும் கையாலேயே போட்டுப் பார்த்தேன். பெரிய பிழை ஓரத்தில்தான் இருக்கிறது, அட்டவணையில் அது இல்லை. ஓரத்தை விட்டுவிட்டு அளந்திருக்கிறது. தேற்றம் நிற்கும், அட்டவணை நிற்காது. சரிபார்க்காமல் விட்டது என் பிழை என்றாள். உறையைத் திருப்பிக் கேமராவுக்குக் காட்டினாள். பென்சில் எண்கள் அந்தப் பக்கம் தெரிந்திருக்காது.

பிறகு அந்தப் பேராசிரியை, "தேங்க்யூ" என்று மெதுவாகச் சொன்னார். அவர்கள் தனியாகக் கூடிப் பேசினார்கள். இருபது நிமிடம் கழித்து ஞானதுரை சார் படித்த முடிவு: தேர்வு சிறப்பு. திருத்திய அட்டவணை வெளிநாட்டுத் தேர்வாளருக்குப் போக வேண்டும். அவர் சம்மதம் வந்த பிறகே பட்டம். சார் படிக்கும்போது கேமராவைப் பார்க்கவில்லை.

லேப்டாப்பை மூடினேன். மதினி பாயசம் சூடு பண்ணப் போனாள். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியவில்லை, எழுதத்தான் வேண்டும்.

"ஒரு வார்த்த சொல்லாம இருந்திருக்கலாம்லா? அந்தம்மா மரியாதைக்குக் கேட்டாங்க. ஒண்ணுமில்லன்னு தலைய ஆட்டியிருந்தா இன்னைக்கு நீ டாக்டர்."

"நீங்க ஒரு வார்த்த சொல்லாமத்தான இத்தன நாளா இருக்கீய. உங்களுக்கு நல்லாருக்கா?"

"லூப்ப நான் போன மாசம்தான் பாத்தேன் வடிவு. சாமி சத்தியமா."

"நான் லூப்பச் சொல்லல."

மதினி சமையலறையில் கரண்டியை வைக்கும் சத்தம் கேட்டது.

"எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும்ங்க. ஸ்கேன் ரிப்போர்ட்ட பீரோவுல சேலைக்கு அடியிலயா ஒளிச்சு வைப்பாங்க? அந்தச் சேலையக் கட்டுறவ நான்தான?" என்றாள். "எவ்வளவு நாள்னு சொன்னாரு டாக்டர்?"

"ஆறு மாசம்."

"எப்பச் சொன்னாரு?"

"ஜூன் கடைசில."

என்னையே பார்த்தாள். வகுப்பில் பையன்களை இப்படித்தான் பார்ப்பாளாயிருக்கும்.

"மூணுல இருந்து ஆறுன்னு சொன்னாரு" என்றேன்.

"அப்ப செப்டம்பர்" என்றாள். பிறகு, "பாதியப் பாத்துட்டு எல்லாம் நல்லாருக்குன்னு எழுதுறது உங்களுக்குப் பழகிப் போச்சு. நானும் கூடச் சேந்து எழுதணுமா? எனக்கு இருக்கது அந்த ஒரு அத்தியாயந்தாங்க. அதுல போய்ப் பொய்ய வச்சுட்டுச் சாக மாட்டேன்" என்றாள்.

நான் அழுதேன். நாற்பத்தெட்டு வயதில், பட்டுச்சேலை மடியில் தலையை வைத்து, மதினி பாயசத்தோடு வாசலில் நிற்பது தெரிந்தும் அழுதேன். வடிவு என் தலையில் கையை வைத்தாள். "ஊக்கு குத்துது, பைய" என்றாள்.

ஆகஸ்ட் 7

ஓட்டம் 412. புள்ளிகள் 32 முதல் 1024 வரை. லூப் கடைசி வரை. வடிவு கட்டிலில் இருந்தபடி சொல்லச் சொல்ல அடித்தேன். ஒவ்வொரு எண் வரும்போதும் சத்தமாக வாசிக்க வேண்டும். 0.74. "ம்." 0.78. "ம்." 0.81 வந்ததும், "பாத்தீயளா, லாக் அங்கனதான் இருக்கு" என்றாள், காணாமல்போன ஆட்டைக் கண்டுபிடித்தவள் மாதிரி.

இன்றைக்கு மூன்று ஸ்பூன் சோறு. நாற்பத்தெட்டு மணி நேரத்தில் முதல் தடவையாக வயிற்றில் தங்கியது.

ஆகஸ்ட் 8

டாக்டரிடம் இருவரும் போனோம். இந்தத் தடவை வடிவே கேள்வி கேட்டாள். வலி எப்படி இருக்கும், மயக்கம் எப்போது வரும், ஆஸ்பத்திரியிலா வீட்டிலா. வீட்டில் என்றாள். டாக்டர் அவளைப் பார்த்து மட்டுமே பேசினார். எனக்கு அது பொறாமையாகவும் நிம்மதியாகவும் இருந்தது.

ஆகஸ்ட் 11

திருத்திய அட்டவணைகள், ஒரு பக்கக் கடிதம். ஞானதுரை சார் அனுப்பிவிட்டார். கடிதத்தில் 'பிழை என்னுடையது' என்று மறுபடியும் எழுதச் சொன்னாள். நான் மறுத்தேன். "கைடுக்கும் புருசனுக்கும் பட்டம் தர மாட்டாங்க. ஆய்வாளர் பேருலதான் தப்பும் வரும், பட்டமும் வரும்" என்றாள்.

ஆகஸ்ட் 18

பதில் இல்லை.

ஆகஸ்ட் 24

பதில் இல்லை. அந்த ஊரில் கோடை விடுமுறையாம். விடுமுறை விடுகிறவர்களை எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 27

வடிவு தூங்கும்போது அந்தத் தேர்வாளருக்கு நானே மெயில் எழுதினேன். என் இங்கிலீஷில்தான். ஐயா, தப்பைச் செய்தவன் ஆய்வாளர் அல்ல, புரோகிராம் எழுதிய அவர் கணவனான நான். மார்ச் 14 அன்று ஒரு போன் வந்தது, அதனால் பாதியில் எழுந்துவிட்டேன். விளக்கக் கடிதமும் நான் எழுதிய பொய். அவர் அதைக் கையாலேயே கண்டுபிடித்தார். அவருக்கு அதிக நாள் இல்லை. தயவுசெய்து சீக்கிரம். நான்கு தடவை படித்துப் பார்த்துவிட்டு, தப்புகளோடேயே அனுப்பினேன்.

ஆகஸ்ட் 28

பதில் வந்துவிட்டது. ஞானதுரை சாருக்கு முறையான சம்மதக் கடிதம். எனக்குத் தனியாக இரண்டு வரி: முப்பது வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன். தன் அட்டவணை தவறு என்று தேர்வில் சொன்ன ஒருவரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

வடிவுக்கு வாசித்துக் காட்டினேன். "மெயில் போட்டீயளா? என்ன எழுதுனீய?" என்று கேட்டாள். முழுவதையும் சொன்னேன். "கிராமர் தப்பு எத்தன?" என்றாள்.

செப்டம்பர் 3

பட்டம் வழங்கும் உத்தரவுக்கான கோப்பு பல்கலைக்கழக அலுவலகத்தில். ஆட்சிக்குழு ஒப்புதல், அப்புறம் பதிவாளர், அப்புறம் துணைவேந்தர். ஞானதுரை சார் மேஜை மேஜையாக நடக்கிறார். இந்த வயதில் மாடிப்படி வேறு.

செப்டம்பர் 9

கோப்பு பதிவாளர் மேஜையில். வடிவுக்கு வலி ஊசி ஆரம்பித்தாயிற்று.

செப்டம்பர் 13

லேபுக்கு விடுப்பு போட்டுவிட்டேன். மீதி இருக்கிற கம்ப்யூட்டர்கள் அவரவர் விருப்பப்படி சாகட்டும்.

செப்டம்பர் 16

அரை டம்ளர் இளநீர். காலையில் நன்றாகப் பேசினாள். எதைப் பற்றி என்றால், என் சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிற கடையை மாற்றச் சொல்லி.

செப்டம்பர் 18

காலை: கால் ஸ்பூன் ஜவ்வரிசிக் கஞ்சி. மாலை: இல்லை. "ஆர்டர் வந்துட்டா?" என்று கேட்டாள். துணைவேந்தர் ஊரில் இல்லை என்றேன். உண்மைதான்.

செப்டம்பர் 19

காலையில் ஒரு தடவை கேட்டாள். மதியம் ஒரு தடவை. சாயங்காலம் கண்ணால் கேட்டாள்.

செப்டம்பர் 20

காலை 7.00. உதட்டை ஈரத்துணியால் துடைத்தேன்.

11.30. நர்ஸ் வந்து பார்த்தாள். என்னை வெளியே கூப்பிட்டாள். இங்கேயே சொல்லுங்கள் என்றேன். இன்றோ நாளையோ நாளை மறுநாளோ என்றாள். வடிவு கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாலை 5.00. மதினி வந்துவிட்டாள்.

செப்டம்பர் 21

காலை 6.10. மூச்சு சீராக இருக்கிறது.

7.45. மூச்சுக்கு நடுவே இடைவெளி விழுகிறது. எண்ணினேன். ஒன்பது விநாடி.

9.00. கண் திறக்கவில்லை. பேரைச் சொன்னால் புருவம் அசைகிறது.

10.20. பதினோரு விநாடி. நான் கட்டிலை விட்டு எழவில்லை. மதினி காபி கொண்டுவந்து வைத்தாள், ஆடை படிந்து கிடக்கிறது.

12.00. ஞானதுரை சார் போன் எடுக்கவில்லை.

1.15. மறுபடி எடுக்கவில்லை.

2.40. கண் திறந்தாள். என்னைத் தெரிந்தது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை, ஆனால் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். மூன்று நாளாக அந்த ஒன்றைத்தான் கேட்கிறாள். இன்னும் வரவில்லை என்ற வார்த்தையை அவள் முகத்துக்கு நேரே சொல்ல என்னால் ஆகவில்லை. அவளிடம் இனி பொய்யே சொல்வதில்லை என்று ஆகஸ்டில் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"வடிவு, ஆர்டர் வந்துட்டு. ஞானதுரை சார் இப்பதான் போன் பண்ணினாரு. கையெழுத்தாயிட்டு. நீ டாக்டர் சண்முகவடிவு."

வெகுநேரம் பார்த்தாள். காதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"தேதி என்ன போட்டிருக்கு?"

"இன்னைக்குத் தேதிதான். இருபத்தொண்ணு."

அவள் முகத்தில் ஏதோ நடந்தது. வலி வந்துவிட்டது என்று பயந்து ஊசிக்குக் கை நீட்டினேன். வலி இல்லை, சிரிப்பு.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமங்க."

எனக்குக் கிழமையே மறந்திருந்தது. அவள் படுத்த படுக்கையில் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். எழுந்து எங்கேயாவது போய்விடலாம் போல இருந்தது. போகவில்லை.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கை படுக்கையில் துழாவி என் கையைப் பிடித்தது. பிடியில் பலமில்லை, நான்தான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"சரி" என்றாள். "இன்னொருக்க சொல்லுங்க."

சொன்னேன். ஒவ்வொரு மூச்சுக்கு நடுவிலும் சொன்னேன்.

செப்டம்பர் 22

காலை 9.40.

செப்டம்பர் 25

ஞானதுரை சார் உத்தரவை நேரில் கொண்டுவந்து கொடுத்தார். வாசலிலேயே நின்று அழுதார். மதினி அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்தாள்.

டாக்டர் க. சண்முகவடிவு என்று அச்சடித்திருக்கிறது. எழுத்துப் பிழை இல்லை. தேதி 24. நான் அவளிடம் சொன்னது 21. மூன்று நாள் வித்தியாசம்.